தையலிழையின் வைப்பியல்

தடிப்பைக் காட்டிலும் நீளம் பன்னூறு மடங்கு மிக்கு, வளைத்தால் வளைந்து, இழுத்தால் தாங்கி, முடிந்தால் முடிச்சாக நிற்கவல்ல பொருளே இழை எனப்படும். அவ்விழை ஊசியின் பின்சென்று, பிளவுண்ட உடற்கூறுகளை அவை தாமே ஒட்டி வளரும் வரை சேர்த்துப் பிடிக்கும் பணியை ஏற்குங்கால் தையலிழை என்னும் பெயர் பெறும். ஒவ்வொரு தையலிழைக்கும் மூன்று நிலைகள் உண்டு: ஆலையில் உருவாகும் நிலை, உறையுள் கிடக்கும் நிலை, உடலுள் உழைக்கும் நிலை. முதலாவதைப் பற்றி வேதியியலாரும் மூன்றாவதைப் பற்றி அறுவை மருத்துவரும் நிரம்ப எழுதியுள்ளனர். இடைப்பட்ட நிலையோ எழுதுவாரின்றிக் கிடக்கிறது. ஆயினும் கால அளவால் நோக்கின், பல வேளைகளில் தையலிழையின் வாழ்நாளில் பெரும்பகுதி உறையுள்ளேயே கழிகிறது. மணித்துளிகளில் முடியும் ஒரு தையலுக்காக அது திங்கள் பலவும் ஆண்டு சிலவும் சுருண்டு காத்திருக்கிறது. அவ்வாறு காத்திருக்கும் இழையைக் கோணாமலும் மடியாமலும் முறுகாமலும் பேணும் அறிவையே இங்கு வைப்பியல் என்கிறோம்.

தையலிழைகளை இருவகையால் பகுப்பர். உடலுள் கரைந்து மறைவது கரையும் இழை. கரையாது நிற்பது கரையா இழை. இஃது உடலோடு கொண்ட உறவால் வந்த பகுப்பு. கட்டமைப்பால் வரும் பகுப்பு வேறு: ஒரே புரியாய் உருக்கி இழுக்கப்பட்டது ஓரிழை, நுண்புரிகள் பலவற்றைப் பின்னி ஆக்கியது பின்னலிழை. நைலோன், பொலிபுரொப்பிலீன், பொலிடயொட்சனோன் ஆகியவை பெரும்பாலும் ஓரிழைகளாக வரும். பட்டும் பொலிகிளைக்கோலிக் அமில இழையும் பின்னலிழைகளாக வரும். வைப்பியலுக்கு வேண்டுவது இவ்விரண்டாம் பகுப்பே; ஏனெனில் உறையுள் கிடக்கும் இழை எத்துணைக் கோணும் என்பதைப் பெரிதும் அதன் கட்டமைப்பே வரையறுக்கிறது.

இழைக்கு நேரும் குற்றங்கள் மூன்று. சுற்றி வைத்த வடிவை இழை தன்னியல்பாகவே ஏற்று, பிரித்த பின்னும் அவ்வடிவுக்கே திரும்ப முயல்வது சுருள்நினைவு. ஓரிடத்தில் மிகக் கூர்மையாக வளைக்கப்பட்டு, அவ்விடம் மட்டும் நிலையாகத் தழும்பேறிப்போவது மடிதழும்பு. இழை தன் அச்சைச் சுற்றி முறுகி, இழுவை தளரும் நொடியில் தன்மேல் தானே துள்ளிச் சுற்றிக்கொள்வது முறுக்குக்கண்ணி. முதலாவது முடிச்சை நெகிழச் செய்யும். இரண்டாவது வலிமையைக் குறைக்கும். மூன்றாவது கையில் இருக்கும் ஊசியைத் திருப்பி மருத்துவரின் கவனத்தைக் கலைக்கும். மூன்றையும் ஒருசேரச் ‘சிக்கு’ என்று சொல்லிவிடுவது பேச்சுவழக்கு. ஆனால் மூன்றும் வெவ்வேறு ஊற்றுக்கண்களிலிருந்து தோன்றுவதால், ஒன்றுக்குச் செய்யும் காப்பு மற்றொன்றுக்குக் கேடாகவும் முடியலாம். அதனைப் பின்னர்க் காண்போம்.

வளைவிலிருந்து தொடங்குவோம். நேராக நின்ற இழையை வளைத்தால் அதன் வெளிவிளிம்பு நீள்கிறது, உள்விளிம்பு குறுகுகிறது, நடுவே ஓர் அச்சு மட்டும் நீளம் மாறாது நிற்கிறது. வெளிவிளிம்பு நீளும் விழுக்காட்டைத் திரிபு என்பர். இழையின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுக்கக் கிடைப்பதே அத்திரிபின் அளவு. நம் மருத்துவமனைகளில் தோலைத் தைக்க மிகுதியாக வழங்கும் 3-0 என்னும் அளவுடைய இழையின் விட்டம் 0.2 மில்லிமீற்றர் முதல் 0.249 வரை. அதன் ஆரத்தை 0.1 எனக் கொண்டு, 10 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவில் படுக்க வைத்தால் திரிபு நூற்றுக்கு ஒன்று. அதே இழையை ஓர் அட்டையின் விளிம்பில் அரை மில்லிமீற்றர் ஆரத்தில் மடக்கினால் திரிபு நூற்றுக்கு இருபது. முன்னதிலிருந்து இழை ஏறத்தாழ முழுமையாக மீளும், பின்னதிலிருந்து மீளாது. சுருள்நினைவுக்கும் மடிதழும்புக்கும் இடைப்பட்ட எல்லை இந்த ஒரு வகுத்தலில் அடங்கிக் கிடக்கிறது.

வளைவை எதிர்க்கும் ஆற்றலோ விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. விட்டம் இருமடங்கானால் வளைவெதிர்ப்பு பதினாறு மடங்காகும். பின்னலிழை ஏன் பணிந்து கிடக்கிறது என்பதும் இதனின்று விளங்கும். ஒரே பருமனுள்ள ஓரிழையை நூறு நுண்புரிகளாகப் பிரித்தோமாயின், ஒவ்வொரு புரியின் விட்டமும் பத்தில் ஒன்றாகி, வளைவெதிர்ப்பு பதினாயிரத்தில் ஒன்றாகும். அவை ஒன்றோடொன்று தடையின்றி வழுக்குமாயின் நூறும் கூடிய தொகை, பழைய ஓரிழையின் நூற்றில் ஒன்றே. உண்மையில் புரிகள் உராய்வதாலும் மேற்பூச்சால் ஒட்டுவதாலும் அத்துணைக் குறைவு கிட்டாது. எனினும் போக்கு அதுவே. பட்டிழையைக் கையாளும் மருத்துவர் அதன் பணிவைப் புகழ்வதும், பொலிபுரொப்பிலீனைக் கையாள்பவர் அதன் முரட்டுத்தனத்தை நொந்துகொள்வதும் இந்த நான்காம் அடுக்கின் விளைவே. பின்னலின் இடுக்குகளில் நுண்ணுயிர்கள் தங்க இடமுண்டு என்பதும், ஓரிழையின் வழவழப்பில் அவற்றுக்குத் தங்கல் அரிது என்பதும் மறுபக்கம். ஆகவே முரட்டு ஓரிழையை விட்டொழிக்க இயலாது. அதனைப் பழக்கும் பொறுப்பு பொதியுறைக்கு வந்து சேர்கிறது.

திரிபு சிறிதாயினும் காலம் நெடிதாயின் என்னாகும்? இவ்விழைகள் பல்பகுதியங்களால் ஆனவை; பல்பகுதியம் என்பது நெடிய மூலக்கூற்றுத் தொடர்களின் தொகுதி. வளைத்து வைத்த கணத்தில் அத்தொடர்கள் இறுகி நின்று மீள விழைகின்றன. நாள் செல்லச் செல்ல ஒன்றையொன்று வழுக்கி, புதிய இருப்பிடத்தைத் தமக்குரியதாக்கிக்கொள்கின்றன. மீளும் விசை இவ்வாறு படிப்படியாகக் குன்றுதலைத் தளர்வு என்பர். சுருட்டி வைத்த பன்பாய் விரித்தபின்னும் ஓரம் எழுந்து நிற்பது போல, தளர்ந்த இழையும் கிடந்த வளைவையே தன் இயல்பாகக் காட்டும். இத்தளர்வு விரைந்து நிகழ்வதும் மெல்ல நிகழ்வதும் வெப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடியைப் போல் இறுகியிருக்கும், மேலே சென்றால் தொடர்கள் அசையத் தொடங்கும். அவ்வெல்லையை இளகுநிலை என்று பெயரிட்டு வழங்கலாம். பொலிபுரொப்பிலீனின் இளகுநிலை நீர் உறையும் பாகைக்கும் கீழே உள்ளது. எனவே உலகின் எந்த மருத்துவமனைக் களஞ்சியத்திலும் அஃது இளகிய நிலையிலேயே கிடந்து, சுற்றிய வடிவைச் சோம்பலின்றிக் கற்றுக்கொள்கிறது. நைலோனின் இளகுநிலை முற்றும் உலர்ந்தவிடத்து ஏறத்தாழ 50 பாகை செல்சியசு. ஈரத்தை உறிஞ்சினால் அது பெரிதும் தாழ்ந்துவிடும். பொலிகிளைக்கோலிக் அமிலத்துக்கு அஃது 36 பாகையை ஒட்டியது. இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று நோக்குதல் தகும். மனித உடலின் வெப்பம் 37 பாகை. அவ்விழை உறையுள் இறுகியும் உடலுள் இளகியும் இருக்கும்படி அமைந்தது நற்பேறு. ஆனால் நம் கிழக்கிலங்கைக் கரையில் வெயிலில் நிற்கும் லொறியின் உட்புறம் அவ்வெல்லையை எளிதாகக் கடந்துவிடும் என்பது அதே எண் தரும் எச்சரிக்கை.

அறுகம்பேயிலோ பொத்துவிலிலோ கடற்றொழில் செய்வாரிடம் இவ்வியலின் பாதியைக் கேட்டறியலாம். அவர்கள் தங்கூசி என்று சொல்லும் தூண்டில் நூல் பெரும்பாலும் நைலோன் ஓரிழையே. வாலசு கரோதர்சு 1935இல் ஆக்கிய அப்பொருளின் வழிவந்ததே மருத்துவமனையில் தோலைத் தைப்பதும். தங்கூசி வலை நம் நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தங்கூசித் தூண்டிலுக்கு அத்தடை இல்லை. சிறிய உருளையில் நெடுங்காலம் கிடந்த தங்கூசி, எறியும்போது வளையம் வளையமாக எழுந்து தன்மேல் விழும் என்பதும், பெரிய உருளையில் சுற்றியது அவ்வாறு எழாது என்பதும், நீரில் நனைத்தபின் அது பணியும் என்பதும் அவர்கள் நாளும் காணும் உண்மைகள். முதலிரண்டும் மேற்சொன்ன வகுத்தலின் விளைவு. மூன்றாவது, ஈரத்தால் இளகுநிலை தாழ்வதன் விளைவு. அலைப்பலகையின் துடுப்போ கடலடிப் பாறையோ கிழித்த காயத்தோடு பொத்துவில் ஆதார மருத்துவமனைக்கு வரும் அலையாட்டக்காரரின் தோலைச் சேர்க்கும் இழையும், அவர் ஆடிய கடலில் மீன்பிடிக்கும் இழையும் ஒரே வேதியியற் குடியைச் சேர்ந்தவை. நுண்ணுயிரற்ற தூய்மையும், அளவின் செம்மையும், ஊசியோடு இணைந்த பாங்குமே தையலிழைக்கு உரிய தனிச்சிறப்பு.

இனி முறுக்கு. வளைவைக் கண்ணால் காணலாம். முறுக்கோ கண்ணுக்குப் புலப்படாது ஒளிந்திருந்து வெளிப்படுவது. ஒரு சுருளை அசையாது நிறுத்தி அதன் நுனிவழியே இழையை உருவினால், உருவப்படும் ஒவ்வொரு சுற்றும் இழையில் ஒரு முழு முறுக்கை விட்டுச் செல்லும். மாறாக, சுருளையே சுழலவிட்டு இழையை அதன் தொடுகோட்டில் வாங்கினால் முறுக்கு ஏறாது. மருதமுனையின் கைத்தறிக் கூடங்களில் இரண்டையும் அருகருகே காணலாம். சிட்டத்திலிருந்து நூலை வாங்கும்போது சிட்டம் சுழல்கிறது. நூலில் முறுக்கு மாற்றமில்லை. நாடாவினுள் இருக்கும் தார் சுழல்வதில்லை; நூல் அதன் நுனிவழியே கழல்கிறது; சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறுகிறது. பருத்தி நூல் மெல்லியதாகவும் பணிவுடையதாகவும் இருத்தலாலும் தறியின் இழுவை அதனை உடனே பிடித்துக்கொள்ளுதலாலும் நெசவாளர்க்கு அதனால் இடரில்லை. முரட்டு ஓரிழைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இம்முறுக்கின் கணக்கைக் கணிதர் ஒரு சிறு வாய்பாட்டில் அடக்கினர். உருமேனியக் கணிதர் கலுகரீனு 1959 முதல் 1961 வரையான ஆய்வுகளில் அதன் வடிவைக் கண்டார்; 1969இல் ஒயிட் அதனை விரிவாக நிறுவினார்; 1971இல் புல்லர் அதன் ஓர் உறுப்புக்குப் பெயரும் பயனும் வகுத்தார். மூடிய பட்டை ஒன்றின் இணைப்பெண், அதாவது அதன் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய எண்ணிக்கை, எப்போதும் அதன் முறுக்கெண்ணும் நெளிவெண்ணும் கூடிய தொகைக்கு ஈடு என்பதே அது. முறுக்கெண் என்பது தன் அச்சைச் சுற்றி இழை திரும்பிய அளவு. நெளிவெண் என்பது அவ்வச்சே வெளியில் வளைந்து தன்னைத் தான் குறுக்கிட்ட அளவு. இரு முனைகளும் சுழலாதபடி பிடிக்கப்பட்ட இழையிலும் இவ்விரண்டின் தொகை மாறாது. சுருளை இழுத்து நேராக்கும்போது நெளிவு முறுக்காக மாறுகிறது. இழுவையைத் தளர்த்தும்போது முறுக்கு மீண்டும் நெளிவாகி, அந்நெளிவே முறுக்குக்கண்ணியாகக் கண்முன் துள்ளுகிறது. ஒன்று மறைந்தால் மற்றொன்று அதே அளவில் தோன்றும். உயிரணுவின் கருவினுள் மரபிழை தன்னைச் சுருட்டி அடக்கிக்கொள்வதையும் உயிரியலார் இதே கூட்டலால் கணிக்கின்றனர். காயத்தைத் தைக்கும் இழைக்கும் அக்காயத்தை ஆற்றும் உயிரணுவின் உள்ளிழைக்கும் கணக்கு ஒன்றே.

கண்ணி எப்போது துள்ளும் என்பதற்கும் அளவுண்டு. ஆங்கிலக் கணிதர் கிரீன்கில் 1883இல் முறுக்கப்பட்ட தண்டுகளின் நிலைப்பை ஆராய்ந்தார். அவ்வழியில் நெடிய தண்டுக்குக் கிட்டும் முடிவு இது: முறுக்குவிசையின் வர்க்கத்தை வளைவெதிர்ப்பின் நான்மடங்கால் வகுக்கக் கிடைப்பது எவ்வளவோ, இழுவிசை அதற்குக் கீழே தாழ்ந்தால் தண்டு நேராக நிற்க மாட்டாது. முறுக்கு இருமடங்கானால் அதனை அடக்கிவைக்க நான்மடங்கு இழுவை வேண்டும் என்பது இதன் பொருள். ஐந்து முறுக்கேறிய இழையோடு தொல்லைப்படும் மருத்துவர், பத்து முறுக்கேறிய இழையோடு இருமடங்கு அன்று, நான்மடங்கு தொல்லைப்படுவார். முடிச்சிடும் கணத்தில் இழுவை கட்டாயம் தளரும்; ஆதலால் கண்ணியும் அக்கணத்தையே பார்த்துத் துள்ளும்.

இவ்வறிவெல்லாம் ஒருங்கே வாய்க்கும் முன்னர் இழைகள் எவ்வாறு வைக்கப்பட்டன? யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றித் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்த சாமுவேல் பிசுக்கு கிறீன், அறுவை மருத்துவத்தைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை 1867இல் வெளியிட்டார். பெயர் வடசொல் உடுத்தியதாயினும், தோலையும் தசையையும் குருதிக்குழாயையும் பற்றிய அறிவைத் தமிழ் தாங்கும் என்னும் துணிவு அதனுள் இருந்தது; அத்துணிவு இன்று நம் மருத்துவக் கல்விக்கு இல்லாமற்போனது எனக்கு ஆற்றாமையே. அதே 1867இல்தான் யோசேப்பு லிசுட்டர், காயத்தைச் சீழ்பிடியாது காக்கும் முறையை இலண்டனின் ‘லான்செட்டு’ இதழில் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, கார்பாலிக்கு அமிலத்தில் ஊறவைத்த ஆட்டுக்குடல் இழை உடலுள் தீங்கின்றிக் கரைவதைக் காட்டினார். அதற்குமுன் இழைக்குத் தூய்மை வேண்டும் என்னும் எண்ணமே பொதுவாக இல்லாதபோது, வைப்பு என்றொரு கலை தோன்ற வாய்ப்பில்லை. தூய்மை வேண்டும் என்றானபின் தூய்மையைக் காக்கும் அடைப்பு வேண்டிற்று. அடைப்பு வந்ததும், அடைப்புக்குள் இழை எவ்வடிவில் கிடப்பது என்னும் வினாவும் கூடவே வந்தது.

முதலில் பட்டிழையைக் கண்ணாடி உருளைகளில் சுற்றி வேகவைத்தனர். கெட்டியாகவும் தடிப்பாகவும் சுற்றினால் வெப்பம் உள்ளடுக்கைச் சென்று சேராது. ஆகவே மெல்லிய அடுக்காக, தளர்வாகச் சுற்றுவது நெறியாயிற்று. குடலிழை உலர்ந்தால் விறைத்து வெடிக்கும் இயல்பினது. அதனை நீர் கலந்த அற்ககோலோடு கண்ணாடிக் குழாயுள் இட்டு வாயை உருக்கி மூடினர். அறுவை அரங்கில் செவிலியர் அக்குழாயைத் துணியில் பொதிந்து முறித்து இழையை எடுப்பர். துணியையும் மீறிக் கண்ணாடி விரலைக் கிழித்த கதைகள் பல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அலுமினியத் தாளுறை வந்து கண்ணாடியை விலக்கிற்று. தாளுறை தட்டையானது, ஆதலால் இழையும் தட்டையாகக் கிடக்க வேண்டியதாயிற்று. குழாயுள் உருண்டு கிடந்த இழைக்கு இல்லாத மடிப்பு என்னும் இடர் அன்றுதான் பெரிதாகத் தலைப்பட்டது.

அதற்கு முதல் விடை எட்டுச்சுற்று. மடித்த தாளட்டையின்மீது இழையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் மாறிமாறிச் சுற்றினால், வலப்பாதி தரும் முறுக்கை இடப்பாதி தரும் முறுக்கு அழித்துவிடும். உருவும்போது நிகர முறுக்கு எஞ்சாது. மீனவர் படகில் கயிறு கிடத்துவதிலும் இம்முறை உண்டு. முறுக்குக்கண்ணிக்கு இது முழுமையான தீர்வு. ஆயினும் எட்டின் இரு முனைகளும் சிறிய ஆரமுள்ளவை. அங்கே இழை வலமும் இடமுமாக மாறிமாறிக் கூர்ந்து வளைகிறது. பின்னலிழை அதனைப் பொறுக்கும். ஓரிழை பொறாது; பிரித்தெடுத்ததும் ஏணிப்படி போல் கோணல்கோணலாக நிற்கும். ஒரு குற்றத்துக்குச் செய்த காப்பு மற்றொன்றுக்குக் கேடாகும் என்று மேலே குறித்தது இதனையே.

இரண்டாம் விடை நீள்வட்டத் தடம். மெல்லிய நெகிழித் தட்டின் விளிம்பையொட்டி ஒரு சுவர். அதன்மேல் உட்புறம் நோக்கிக் கவிந்த சிறு இதழ்கள். இதழ்களுக்குக் கீழே இழை சுற்றுச் சுற்றாகப் படுத்திருக்கும். சுற்றும்போது தட்டையே சுழற்றுவர். ஆதலால் முறுக்கு ஏறாது. எடுக்கும்போதோ இழை சுருளிலிருந்து கழற்றப்படுவதில்லை. தன் நீளத்தின் போக்கிலேயே தடத்துள் வழுக்கி, கிடந்த வழியே வெளியேறுகிறது. ஒரே தளத்தில் வளைந்த பாதையைத் தன் போக்கில் கடந்துவரும் இழைக்கு அச்சுச்சுழற்சி நேர வாய்ப்பில்லை. ஆரமும் தட்டு இடங்கொடுக்கும் வரை பெரிதாக நிற்கிறது. எழுபத்தைந்து சென்ரிமீற்றர் இழையைப் பதினைந்து சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள தடத்தில் இட்டால் ஐந்தே சுற்று. முறுக்கு, மடிப்பு இரண்டையும் ஒருங்கே வெல்லும் அமைப்பு இதுவாகும். அதற்கும் ஒரு விலை உண்டு: வளைவுகளில் உராய்வு கூட்டலாக வளராது பெருக்கலாக வளர்வதால், வாலில் தோன்றும் சிறு தடையும் சுற்றுக்குச் சுற்று மடங்காகப் பெருகும். தடம் வழவழப்பாகவும் இழை ஒன்றன்மேலொன்று சிக்காமலும் இருந்தாலன்றி ஊசியைப் பிடித்து இழுக்கையில் தட்டும் கூடவே எழும். ஊசியையும் தட்டின் நடுவே ஒரு பிடியில் நிறுத்தி, உறையைத் திறந்தவுடன் கருவியால் கவ்வும் நிலையில் வைக்கின்றனர். காதில்லா ஊசியின் அடிக்குழியில் இழை செருகி நெருக்கப்பட்ட இடத்தை அடுத்துக் கூர்வளைவு வருதல் ஆகாது என்பதும் தட்டின் வடிவமைப்பில் அடங்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இழை உறையில் இடப்பட்ட பின்னரே நுண்ணுயிர் நீக்கப்படுகிறது. பட்டும் நைலோனும் கோபாற்று-60 உமிழும் காமாக் கதிரைத் தாங்கும். பொலிபுரொப்பிலீன் அக்கதிரால் நொய்ந்துபோகும். ஆகவே அதற்கு எதிலீன் ஒட்சைட்டு வளி. அவ்வளி முறை 40க்கும் 60க்கும் இடைப்பட்ட பாகை வெப்பத்தில் பெரும்பாலும் நிகழ்வது. இளகுநிலைக்கு மேலே கிடக்கும் பொலிபுரொப்பிலீனுக்கு அந்தச் சில மணிநேரம் பல திங்களின் தளர்வை ஒருங்கே தந்துவிடும். தட்டின் வளைவு இழையில் பதியும் முதன்மையான வேளை அதுவே. எனவே பொதியுறையை இழைக்கு மேற்போர்த்த ஆடையாக எண்ணுவது பிழை. இழையின் இறுதி வடிவை வார்க்கும் அச்சும் அதுவே.

கரையும் இழைகளுக்கு வெப்பத்தினும் பெரும்பகை நீர். உடலுள் அவற்றைக் கரைப்பது நீர்ப்பகுப்பு. அதே வினை உறையுள் தொடங்கினால் தையலுக்கு முன்னரே இழை வலிவிழக்கும். ஆதலால் வளியால் தூய்மை செய்தபின் இழையையும் தட்டையும் வெற்றிடத்தில் உலர்த்தி, ஈரம் ஊடுருவாத அலுமினியத் தாளுள் மூடுகின்றனர். தாளட்டையே ஈரத்தைத் தன்னுள் தேக்கிவைக்கும் என்பதால் அதனையும் உலர்த்தியே இடுவர். உறைகளின் ஆயுளை மதிப்பிடுவோர், 10 பாகை உயர்வுக்குச் சிதைவின் விரைவு இருமடங்காகும் எனக் கொள்வது வழக்கம். இத்தகைய இழைகள் பலவற்றின் பெட்டியில் 25 பாகைக்கு மேற்படாது வைக்க என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதனால் விளங்கும்.

அந்த 25 பாகை நம் கரைக்கு எளிதன்று. கொழும்பிலிருந்து வரும் ஏ4 நெடுஞ்சாலை இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ கடந்து பொத்துவிலில் கடலை அடைந்து, வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிறது. அவ்வழி நெடுக வெயிலுண்டு. ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோ நிழலையும் சுடும். ஐப்பசி கடந்தால் வாடை மழை, சுவரெல்லாம் ஈரம். ஆறு திங்கள் வெப்பம், ஆறு திங்கள் ஈரம் எனக் கரையும் இழையின் இரு பகைகளும் ஆண்டைப் பங்கிட்டுக்கொண்ட நிலம் இது. கல்முனை அஷ்ரப் நினைவு மருத்துவமனை முதல் பொத்துவில் ஆதார மருத்துவமனை வரை இக்கரையிலுள்ள எந்த மருந்துக் களஞ்சியமும் குளிரூட்டியை நம்பியே நிற்க வேண்டும். மின் தடைப்பட்டால் வெப்பம் எவ்வளவு ஏறிற்று, எத்துணை நேரம் நின்றது என்று காட்டும் பதிவுமானியும் உடன் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருள்முடையின்போது நாளெல்லாம் மணிக்கணக்கில் மின் நின்றதையும், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா மருத்துவமனை வழமையான அறுவைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததையும் மறந்தாரில்லை. இல்லாத பொருளை வாங்குவது நம் கையில் இல்லாதபோது, இருக்கும் பொருளைக் கெடாது வைப்பதாவது நம் கையில் இருத்தல் வேண்டும்.

களஞ்சியத்தின் ஒழுங்கு எளியது. பெட்டிகள் சுவரையும் நிலத்தையும் தொடாது, வெயில் படாது நிற்க வேண்டும். காலாவதி நாள் முந்துவது முன்னே, பிந்துவது பின்னே. தாளுறைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நெகிழ்பட்டையால் இறுகக் கட்டிச் சட்டைப்பையிலோ இழுப்பறையிலோ திணிக்கும் பழக்கம் பலவிடத்தும் உண்டு. உறை மடியும்போது உள்ளிருக்கும் தட்டு மடிகிறது, தட்டோடு இழையும் மடிகிறது, தாளில் விழும் நுண்ணிய கீறல் வழியே ஈரமும் புகுகிறது. பெட்டியைச் சிறுபொருளாக எண்ணி முதலில் எறிந்துவிடுவோர் இம்மூன்று கேட்டையும் ஒருசேர வரவழைக்கின்றனர்.

இழை நுண்ணிதாக ஆக வைப்பின் அருமை மிகும். விழியைத் தைக்கும் 10-0 நைலோனின் விட்டம் 0.02 முதல் 0.029 மில்லிமீற்றர் வரையே. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. வளைவெதிர்ப்பு நான்காம் அடுக்கில் குன்றிப்போவதால் அதற்குச் சுருள்நினைவு பெருந்தொல்லை தருவதில்லை. ஆனால் நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு மடிதழும்பும் முடிச்சைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத கண்ணி இழுத்தவுடன் அறும். வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்து கண் மருத்துவமனையின் வழிவந்த அரோலேப் என்னும் ஆலை, 1992 முதல் கண்வில்லைகளையும் பின்னர் கண் தையலிழைகளையும் குறைந்த விலையில் ஆக்கிவருகிறது. மயிரினும் மெல்லிய இழையை ஊசியோடு இணைத்துக் கோணாது பொதியும் நுண்பணி ஒரு தமிழ் நகரில் நாள்தோறும் நடக்கிறது என்பதை, இத்துறையைத் தமிழில் சொல்ல இயலாது என்போர் அறிதல் நன்று.

மறுமுனையில் நிற்பது துருவேறா எஃகுக் கம்பி. பிளந்த மார்பெலும்பைச் சேர்க்க வழங்கும் அதற்குத் தளர்வும் இளகுநிலையும் பொருட்டல்ல. எல்லையை மீறி வளைத்தால் அவ்விடம் இறுகி நொய்ந்துவிடும். மடிந்த கம்பியை நிமிர்த்துவது இரண்டாம் முறை வளைப்பதேயாகும். நிமிர்ந்து தோன்றினும் அது முறியும் இடம் முன்னமே எழுதப்பட்டாயிற்று. ஆகவே கம்பியை இயன்றவரை நேராகவோ மிகப் பெரிய வளையமாகவோ பொதிவர், மடிந்ததை ஒதுக்குவர்.

உறையைத் திறந்தபின் செய்யத்தக்கது சிறிதே உண்டு. ஊசியைக் கருவியால் பற்றித் தடத்தின் போக்கில் ஒரே சீராக இழுத்தல். பின்பு ஓரிழையாயின் கையுறையிட்ட இரு விரல்களிடையே மெல்ல நீவி, வெடுக்கென்று இழாது, சில நொடி இழுவையில் நிறுத்தல். அதனால் அண்மையில் பதிந்த வளைவில் ஒரு பகுதி விலகும். இழையின் நடுவே ஊசிபிடி கொண்டு கவ்வுதல் ஆகாது. அக்கவ்வல் புதியதொரு மடிதழும்பு. ஊசி திரும்பத் தொடங்கினால் முறுக்கேறிற்று என்று கொண்டு, ஊசியைத் தொங்கவிட்டுச் சுழன்று அடங்கவிட வேண்டும். கரையும் இழையை நீரில் ஊறவைத்துப் பணியச் செய்வது தகாது. திறந்து எடுபடாமல் எஞ்சிய இழையை மீண்டும் வெப்பத்திலோ வளியிலோ இட்டுத் தூய்மை செய்து வைப்பதும் தகாது. அவ்வெப்பம் புதிய சுருள்நினைவைத் தரும், பழைய வலிமையைக் குறைக்கும், உலர்வையும் கெடுக்கும். அத்தகைய எச்சத்தைத் தனிப்பெட்டியிற் சேர்த்து முடிச்சிடக் கற்கும் மாணவர்க்குக் கொடுத்துவிடலாம்.